லோடு கிளம்பும் முன்பா, போய்ச் சேர்ந்த பிறகா? ஆயுத ஏற்றுமதியைக் கண்காணிக்க நான்கு வழிகள்

கேரள எல்லையில், வாளையார் செக்போஸ்ட் பக்கத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் 19 வருடம் கணக்கெழுதினேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வரிச் சாவடி எடுபடும் வரைக்கும், ராத்திரி முழுக்க லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ஊர் அது. சாவடியில் இரண்டு விதமான சோதனை உண்டு. ஒன்று, பில், டெலிவரி நோட்டு, பெர்மிட் என்று பேப்பரைப் பார்ப்பது. இன்னொன்று, எடைமேடையில் ஏற்றி, தார்ப்பாயை அவிழ்த்து, லோடையே பார்ப்பது. பேப்பர் பழுதில்லாமல் இருந்த லாரிக்குள் வேறு சரக்கு இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் "கண்காணிப்பு இருக்கிறது" என்று யாராவது சொன்னால், எனக்கு முதலில் வரும் கேள்வி: எதைப் பார்க்கிறார்கள், எப்போது பார்க்கிறார்கள்?

இந்தக் கேள்வி போன மாதம் வீட்டுக்கே வந்துவிட்டது. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் என் அக்கா மகன் இரண்டு சிஎன்சி மெஷின் போட்டுப் பட்டறை நடத்துகிறான். கோயமுத்தூருக்குப் பம்ப் உதிரி பாகங்கள் கடைந்து கொடுப்பதுதான் இதுவரை பிழைப்பு. இப்போது ஒரு ஏற்றுமதியாளரிடமிருந்து ராணுவத் தளவாடத்துக்கான பாகம் ஒன்றுக்கு விசாரணை வந்திருக்கிறது. கூடவே, வரைபடத்தை யாருக்கும் காட்டமாட்டேன் என்ற உறுதிமொழிப் பத்திரம். அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "மாமா, சாமான் எந்த நாட்டுக்குப் போகுதுன்னு இதுல ஒரு எடத்துலயும் இல்லீங்களே. கையெழுத்துப் போடலாங்களா?"

எங்கள் பக்கத்தில் இது அவன் ஒருவனுடைய கேள்வி இல்லை. கஞ்சிக்கோட்டில் 2010 முதல் பெமல் ஆலை இருக்கிறது. ராணுவ வண்டிகளுக்கான வேலை நடக்கும் இடம். எல்லைக்கு அந்தப் பக்கம் கோயமுத்தூர், 2019 ஜனவரியில் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஒன்று. லேத் பட்டறைகளுக்குப் புது வேலை வருகிறது, வரட்டும். நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் 2013-14-ல் 686 கோடி ரூபாயாக இருந்த பாதுகாப்பு ஏற்றுமதி 2023-24-ல் 21,083 கோடி, 2024-25-ல் 23,622 கோடி. 2029-க்குள் 50,000 கோடி என்பது அரசின் இலக்கு. அதே சமயம் வாங்குவதிலும் நாம் முன்வரிசையில் நிற்கிறோம். ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2020 முதல் 2024 வரையிலான ஐந்தாண்டில் உலகில் அதிகம் இறக்குமதி செய்த நாடு உக்ரைன், அடுத்தது இந்தியா. விற்றவர்களில் அமெரிக்கா மட்டும் 43 சதவீதம். ரஷ்யாவின் ஏற்றுமதி அதற்கு முந்தைய ஐந்தாண்டைவிட 64 சதவீதம் சரிந்தது. அந்தக் காலியிடத்தில் நுழையப் பல நாடுகள் முயல்கின்றன, நாமும்தான்.

நான் ஏற்றுமதி வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை. அக்கா மகன் வாங்கிய மெஷினுக்கு மாதத் தவணை இருக்கிறது. நான் கேட்பது, விற்கும் முன் யார் பார்க்கிறார்கள் என்பது. இதைப் பற்றி எங்கள் வாசகசாலையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பேசினோம். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு பக்கத்தில் கோரிக்கை எழுதுவது என்று முடிவானது. எந்தக் கோரிக்கை என்பதில்தான் நான்கு கருத்து.

முதல் கருத்து: இப்போது இருப்பதே போதும்.

இப்போது இருப்பது என்ன? 1992-ன் வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின் கீழ் ஸ்கோமெட் என்ற பட்டியல் இருக்கிறது. அதன் ஆறாவது பிரிவு ராணுவத் தளவாடங்கள். அதில் வரும் பொருளை வெளியே அனுப்பப் பாதுகாப்பு உற்பத்தித் துறையின் அனுமதி வேண்டும். சாமானைக் கடைசியில் பயன்படுத்தப்போவது யார் என்று சொல்லும் "இறுதிப் பயனர் சான்றிதழை" வாங்குபவர் கொடுக்க வேண்டும். 2024-25-ல் இப்படி 1,762 அனுமதிகள் தரப்பட்டன. ஆயுத ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தப் பல நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் வாசனார் ஏற்பாட்டில் 2017 டிசம்பரில் சேர்ந்ததால், நம் பட்டியலும் உலக நாடுகளின் பட்டியலோடு ஒத்துப்போகிறது. ஆக, சட்டம் இல்லாத காடு இல்லை இது. அதிகாரிகள் கோப்பைப் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

ஆனால் கோப்பு உள்ளேயே பிறந்து உள்ளேயே முடிகிறது. வெளியே வருவது மொத்தத் தொகையும், இத்தனை நாடுகளுக்கு விற்றோம் என்ற எண்ணிக்கையும். எந்த நாட்டுக்கு எந்த வகைச் சாமான் என்ற ஆண்டறிக்கை கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டித் தகவலை மறுக்க இடம் தரும் 8(1)(அ) பிரிவு குறுக்கே நிற்கும். இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்புவதை நிறுத்தக் கோரி முன்னாள் அதிகாரிகளும் சமூக ஆர்வலர்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். வெளியுறவுக் கொள்கை அரசின் களம், அதில் நாங்கள் இறங்க முடியாது என்று 2024 செப்டம்பர் 9 அன்று மனு தள்ளுபடியானது. நீதிமன்றம் தன் எல்லையைச் சொன்னது, அதில் நியாயம் உண்டு. அப்படியென்றால் இது நாடாளுமன்றத்தின் வேலை. நாடாளுமன்றத்தின் கைக்கோ கோப்பு வருவதில்லை.

ரகசியம் இருந்தால்தான் வியாபாரம் நடக்கும் என்று வாசகசாலையில் ஒருவர் வாதாடினார். பிரம்மோஸ் கதையைப் பாருங்கள். பிலிப்பைன்சுக்கு ஏறக்குறைய 37.5 கோடி டாலருக்கு அந்த ஏவுகணைகள் விற்கப்பட்டன. 2022 ஜனவரியில் அந்த விலை நமக்குத் தெரிந்தது எப்படி? வாங்கிய நாட்டின் பாதுகாப்பு அமைச்சரே ஒப்பந்த அறிவிப்பை வெளியிட்டார். அதனால் வியாபாரம் கெட்டுவிடவில்லை, 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது.

இலவசமாகவோ கடனிலோ கொடுப்பதில் இன்னும் கவனம் வேண்டும் என்பது என் எண்ணம். நாமும் இப்போது ராணுவ உதவி தரும் நாடுதான். வியட்நாமுக்கு 10 கோடி டாலர் கடனில் 12 ரோந்துப் படகுகள், 2023-ல் கிர்பான் போர்க்கப்பல். இவற்றில் எனக்குக் குறையில்லை. மியான்மருக்கு 2020-ல் சிந்துவீர் நீர்மூழ்கிக் கப்பலைக் கொடுத்தோம். 2021 பிப்ரவரி 1 அன்று அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆட்சி கவிழும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு நடந்ததுதான் உறுத்துகிறது. ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் மியான்மர் ராணுவத்துக்குப் போன சுமார் 100 கோடி டாலர் ஆயுதங்களிலும் மூலப்பொருட்களிலும் 5.1 கோடி டாலர் அளவு இந்திய நிறுவனங்களிலிருந்து போனது, அவற்றில் அரசு நிறுவனங்களும் உண்டு என்று ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் 2023 மே மாதம் எழுதினார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில் இருக்கின்றன. அங்கே விழும் குண்டு நமக்கு அந்நியமான குண்டு இல்லை. நம் நாடு விற்றது என்ன என்பதை ஐ.நா. அறிக்கை படித்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இரண்டாவது கருத்து எங்கள் வாசகசாலையின் மாஷுடையது. பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். பிரிட்டனைப் போல எல்லாவற்றையும் அச்சிட்டு வெளியிடு என்கிறார்.

பிரிட்டன் அந்த வழிக்கு வந்த கதையைப் பட்டறைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கவன்ட்ரியில் மேட்ரிக்ஸ் சர்ச்சில் என்றொரு கம்பெனி. செய்தது லேத்தும் மெஷின் டூல்களும். ஈராக்குக்கு விற்றார்கள். அந்த மெஷின்களில் வெடிகுண்டு ஓடுகள் கடையப்படும் என்பதை மறைத்து ஏற்றுமதி உரிமம் வாங்கினார்கள் என்று அதன் நிர்வாகிகள் மூவர் மீது வழக்கு. சிறைக்குப் போகும் நிலை. 1992 நவம்பரில் முன்னாள் அமைச்சர் ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறியபோதுதான், மெஷின் எதற்குப் போகிறது என்று அரசுக்கே தெரிந்திருந்தது வெளிப்பட்டது. வழக்கு அங்கேயே விழுந்தது. நாடாளுமன்றத்துக்குச் சொல்லாமலே ஏற்றுமதி விதிகளைத் தளர்த்தியிருந்தார்கள் என்று 1996-ல் நீதிபதி ஸ்காட்டின் அறிக்கை எழுதியது. மேலே உட்கார்ந்து கண்ணைக் காட்டியவர்கள் வெளியே நின்றார்கள், மெஷின் செய்தவன் கூண்டில் நின்றான். என் அக்கா மகனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவன் சிறிது நேரம் பேசவே இல்லை.

அதற்குப் பிறகு பிரிட்டனில் 2002-ல் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. எந்த நாட்டுக்கு, எந்த வகை, எவ்வளவு மதிப்பு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளியாகிறது. நாடாளுமன்றத்தின் நான்கு குழுக்கள் பல ஆண்டுகள் ஒன்றாக உட்கார்ந்து அதை அலசின. 2009-ல் இலங்கையில் போர் முடிந்ததும், இலங்கைக்குக் கொடுத்த உரிமங்களை எல்லாம் மறுபடி பாருங்கள், நாம் விற்றது அங்கே எப்படிப் பயன்பட்டது என்று கண்டறியுங்கள் என்று அந்தக் குழுதான் அரசைக் கேட்டது. பட்டியல் கையில் இருந்ததால் கேட்க முடிந்தது. சவுதி அரேபியா ஏமனில் நடத்திய போர் தொடர்பான வழக்கில், சவுதியின் பழைய விதிமீறல்களை மதிப்பிடாமலே உரிமம் கொடுத்தது சட்டப்படி தவறு என்று 2019 ஜூன் 20 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிற்று. ஓராண்டுக்குப் பிறகு அரசு மறுபடி உரிமம் கொடுக்கத் தொடங்கியது என்பது வேறு விஷயம். 2024 செப்டம்பரில் இஸ்ரேலுக்கான சுமார் 350 உரிமங்களில் 30-ஐ நிறுத்தி வைத்தார்கள்.

இந்த வழியின் குறை அதன் நேரத்தில் இருக்கிறது. உரிமம் போன பிறகுதான் பட்டியல் வரும். இலங்கை பற்றி 2009-ல் கேள்வி கேட்டபோது முள்ளிவாய்க்கால் முடிந்துபோயிருந்தது.

மூன்றாவது, அமெரிக்க வழி. விற்பதற்கு முன்பே நாடாளுமன்றத்துக்குச் சொல்வது.

1976-ன் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் விற்பனையை 30 நாள் முன்பே காங்கிரசுக்கு, அதாவது அவர்களுடைய நாடாளுமன்றத்துக்கு, தெரிவிக்க வேண்டும். நேட்டோ நாடுகளுக்கும் இஸ்ரேல், ஜப்பான் போன்ற சில நாடுகளுக்கும் 15 நாள். அறிவிப்பு பொதுவெளியில் வரும். காங்கிரஸ் தீர்மானம் போட்டுத் தடுக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில், இந்தத் தீர்மானத்தால் இதுவரை ஒரு விற்பனைகூட நின்றதில்லை. 1983-ல் சதா என்பவரின் குடியேற்ற வழக்கில் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் இதற்கு முக்கியக் காரணம். கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர் அவர். காங்கிரஸ் தன்னிச்சையாகத் தீர்மானம் போட்டு அரசின் முடிவை ரத்து செய்ய முடியாது, அதிபரின் கையெழுத்துக்குப் போகும் சட்டமாகத்தான் அது வரவேண்டும் என்பது தீர்ப்பு. விற்க நினைக்கும் அதிபரே விற்காதே என்ற தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவாரா? அவர் மறுத்தால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 1986-ல் சவுதிக்கு ஏவுகணை விற்பதை இரு அவைகளும் எதிர்த்தன. அதிபர் ரீகன் மறுத்தார். செனட்டில் ஒரே ஒரு வாக்குக் குறைந்து விற்பனை பிழைத்தது. 2019-ல் சவுதிக்கும் அமீரகத்துக்கும் சுமார் 810 கோடி டாலர் விற்பனையை "அவசரம்" என்று சொல்லி டிரம்ப் காத்திருப்பு நாட்களையே தாண்டிப் போனார். எதிர்த்து வந்த மூன்று தீர்மானங்களையும் மறுத்தார்.

அப்படியானால் இந்த வழி வீணா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நம் நாட்டின் சொந்த அனுபவம் என் எண்ணத்தை மாற்றியது. இந்தியா அமெரிக்காவிடம் 31 எம்கியூ-9பி டிரோன்கள் கேட்டது, மதிப்பு சுமார் 399 கோடி டாலர். செனட் வெளியுறவுக் குழுவின் தலைவர் பல மாதம் சம்மதம் தராமல் வைத்திருந்தார். அமெரிக்க மண்ணில் நடந்ததாகவும் அதில் இந்திய அதிகாரி ஒருவருக்குத் தொடர்பு இருப்பதாகவும் சொல்லப்பட்ட கொலைச் சதி பற்றி விசாரணை முறையாக நடக்கும் என்ற உறுதி கிடைத்த பிறகே விட்டார். 2024 பிப்ரவரி 1 அன்று முறையான அறிவிப்பு வந்தது. வாக்கெடுப்பு இல்லை, தீர்மானம் இல்லை. முன்கூட்டியே காதில் விழுந்ததால் ஒரு உறுப்பினரால் கேள்வி கேட்க முடிந்தது. நமக்கு எதிராகக் கேட்கப்பட்ட கேள்விதான், ஆனாலும் அந்த முறையின் பலம் அதில் தெரிகிறது. நாம் வாங்குவது என்ன என்று அமெரிக்க உறுப்பினருக்கு முன்பே தெரிகிறது. நாம் விற்பது என்ன என்று பாலக்காட்டு உறுப்பினருக்கும் பொள்ளாச்சி உறுப்பினருக்கும் தெரிவதில்லை.

இலவச உதவிக்கும் அங்கே ஒரு தடுப்பு உண்டு. 1997-ல் வந்த லீஹி சட்டம்: கடுமையான மனித உரிமை மீறல் செய்ததாக நம்பத்தகுந்த தகவல் உள்ள படைப்பிரிவுக்கு உதவி கிடையாது. நாட்டையே ஒதுக்காமல் படைப்பிரிவைப் பார்ப்பது நல்ல யோசனை. ஆனால் எகிப்துக்கு ஆண்டுதோறும் போகும் 130 கோடி டாலரில் மனித உரிமை நிபந்தனை வைப்பதும், பிறகு தேச நலன் என்று சொல்லி அதைத் தளர்த்துவதும் வழக்கமாகிவிட்டது.

தார்ப்பாயை அவிழ்ப்பது, அதாவது போய்ச் சேர்ந்த பிறகு பார்ப்பது, அதிகம் முயன்றதும் அமெரிக்காதான். அதிகம் திணறியதும் அதுதான். உக்ரைனுக்குக் கொடுத்ததில் தனிக் கண்காணிப்பு தேவைப்பட்ட 169 கோடி டாலர் ஆயுதங்களில் 100 கோடி டாலருக்கு மேற்பட்டவை குறித்த காலத்தில் எண்ணிச் சரிபார்க்கப்படவில்லை என்று அவர்களின் பாதுகாப்புத் துறைத் தலைமை ஆய்வாளரே 2024 ஜனவரியில் எழுதினார். திருட்டுப் போனது என்று அவர் சொல்லவில்லை, எண்ணவில்லை என்று சொன்னார். ஆப்கானிஸ்தானில் 2021-ல் விட்டுவந்த தளவாடங்கள் மட்டும் சுமார் 712 கோடி டாலர். அதை யார் இனி எண்ண முடியும்?

நான்காவது வழி ஸ்வீடனுடையது. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

ஸ்வீடன் என்றதும் நம் ஊரில் போபர்ஸ் பீரங்கியும் லஞ்சமும்தான் நினைவுக்கு வரும். அதே காலத்தில் அதே கம்பெனி மாட்டிய இன்னொரு வழக்கு இங்கே அவ்வளவாகப் பேசப்படவில்லை. துபாய்க்கும் பஹ்ரைனுக்கும் ஏவுகணை விற்க ஸ்வீடன் அரசு அனுமதிக்காது. பேப்பரில் சிங்கப்பூர் என்று எழுதினார்கள், இறுதிப் பயனர் சான்றிதழும் அங்கிருந்து வந்தது. சரக்கு வளைகுடாவுக்குப் போனது. உள்ளே வேலை பார்த்த ஒரு இன்ஜினியர் சொல்லித்தான் வெளியே தெரிந்தது. பில்லில் ஒரு ஊர், லோடு இறங்குவது வேறு ஊர். வாளையாரில் நான் பார்த்த அதே வேலை, ஏவுகணையில்.

1996-ல் அங்கே ஆயுத ஏற்றுமதிக்குத் தனி ஆணையம் அமைந்தது. அதற்குத் துணையாக ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் குழு. அதில் நாடாளுமன்றக் கட்சிகளின் பிரதிநிதிகள் உட்காருகிறார்கள். சிக்கலான விண்ணப்பம் வந்தால், உரிமம் கொடுப்பதற்கு முன்பே ஆணையத் தலைவர் அவர்களிடம் வைத்துக் கருத்துக் கேட்கிறார். கதவு சாத்திய அறைதான். முடிவு தலைவருடையதுதான். ஆனால் எதிர்க்கட்சிக்குத் தெரியாமல் பெரிய விற்பனை எதுவும் போக முடியாது. 2018 முதல், வாங்கும் நாட்டில் ஜனநாயகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் எடைபோட வேண்டும் என்று விதி சேர்த்தார்கள்.

மாஷ் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "மூடின அறைக்குள்ள சொன்னா, எம்பி வெளியில வந்து வாயத் திறக்க முடியாது. தெரிஞ்சும் பேச முடியாதவன விட, தெரியாதவனே மேல்" என்றார். கனமான வாதம். அச்சிட்ட பட்டியல் இருந்தால் எங்களைப் போன்ற ஒரு வாசகசாலைகூட அதைப் படித்துக் கேள்வி எழுப்பலாம் என்பதும் உண்மை.

ஆனாலும் நம் நிலைமையில் நான்காவதே முதலில் வரவேண்டும் என்று நினைக்கிறேன். பாதுகாப்புத் துறைக்கான நிலைக்குழு 1993 முதல் இருக்கிறது, 31 உறுப்பினர்கள், எல்லாப் பெரிய கட்சிகளும் உண்டு. கொறடா உத்தரவு அங்கே செல்லாது என்பது பெரிய விஷயம். சபையில் கட்சி சொன்னபடி கை தூக்குகிறவர், குழுவில் மனசாட்சிப்படி கேட்க இடம் இருக்கிறது. அதில் ஐந்தாறு பேர் கொண்ட துணைக்குழு போதும். 1,762 அனுமதியையும் பார்க்க வேண்டியதில்லை. போர் அல்லது உள்நாட்டுக் கலவரம் நடக்கும் நாடு, ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாடு, இலவசமாகவோ கடனிலோ கொடுக்கும் ஆயுதம், இவை மட்டும் முன்கூட்டி வந்தால் போதும். மியான்மருக்குப் போன உதிரி பாகங்கள் அந்த மேஜைக்கு வந்திருந்தால், 31 பேரில் ஒருவராவது அங்கிருந்து மிசோரமுக்கு அகதிகள் வந்து நிற்பதைச் சொல்லியிருப்பார்.

மாஷுக்காக ஒரு வரி சேர்த்தோம்: நாடு வாரியாகவும் வகை வாரியாகவும் ஆண்டறிக்கை. ரகசியம் காக்க ஒரு வருடம் தாமதமாக வந்தாலும் சரி. போய்ச் சேர்ந்த பிறகு பார்க்கும் சோதனையைத் துப்பாக்கி, தோட்டா போன்ற கை மாறக்கூடிய சிறிய ஆயுதங்களுக்கு மட்டும் கேட்டிருக்கிறோம். எல்லாவற்றையும் எண்ணுவேன் என்று இறங்கிய அமெரிக்காவே திணறியதைப் பார்த்த பிறகு, நம்மால் முடிந்த அளவைக் கேட்பதே நல்லது.

அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். கண்ணூரில் இஸ்ரேல் போலீசுக்குச் சீருடை தைத்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனம், சமாதானம் வரும் வரை புது ஆர்டர் எடுப்பதில்லை என்று 2023 அக்டோபரில் அறிவித்தது. சட்டை எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால் முடிவெடுக்க முடிந்தது. அக்கா மகனுக்கும் அந்த அளவாவது தெரிய வேண்டும். இறுதிப் பயனர் எந்த நாடு, ஸ்கோமெட் அனுமதி எண் என்ன என்று இரண்டே கேள்வி எழுதி ஏற்றுமதியாளருக்கு அனுப்பச் சொன்னேன்.

"ஆர்டர் போயிட்டா மாமா?"

"போனா போகட்டும். பம்ப் வேல இருக்குதல்ல."

அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது. பத்திரம் அவன் மேஜை டிராயரில் இருக்கிறது, கையெழுத்து இல்லாமல். எங்கள் கோரிக்கையில் இதுவரை 43 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை மாஷும் நானும் உறுப்பினரின் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோகிறோம்.